இன்டிசைன்ல சமன்பாடு வரிக்குள்ள ஒக்கார மாட்டேங்குது, கால்குலஸ் புத்தகம், உதவி வேணும்

#1 பக்கக்கட்டு

எல்லாருக்கும் வணக்கம். கால்குலஸ் புத்தகம் ஒண்ணு லே-அவுட்டுக்கு வந்திருக்கு, 340 பக்கம், தமிழ்ல எழுதினது. மேட்டர் மொத்தமும் வேர்டு ஃபைல். அதுல பாதி சமன்பாடு பழைய ஈக்வேஷன் எடிட்டர்ல போட்டது, கொஞ்சம் புது வேர்டோட சமன்பாடு, மீதி எங்கிருந்தோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டினது. சில இடத்துல எக்ஸ் அடிச்சு பக்கத்துல 2-ஐ சூப்பர்ஸ்கிரிப்ட் ஆக்கி முடிச்சிட்டாங்க.

முதல் அத்தியாயம் மட்டும் பக்கம் கட்டுற சாஃப்ட்வேரான இன்டிசைன்ல கட்டி ப்ரூஃப் அனுப்பினேன். பேராசிரியர் திருப்பி அனுப்பினதுல சிவப்பு மை இல்லாத பக்கமே இல்ல. "எழுத்து குதிக்கிறது", "வரி இடைவெளி சமமில்லை" இதே ரெண்டு குறிப்புதான் முப்பது நாப்பது இடத்துல. நானும் ஒவ்வொண்ணா மவுஸால இழுத்து சரி பண்ணிப் பாத்தேன், மேல ஒரு வார்த்தை கூடினா வரி மாறி மறுபடி பழைய கதைதான். மொத்தம் சுமார் 1400 சமன்பாடு இருக்கு. இப்படியே போனா முடிக்க முடியாது. இந்த மாதிரி புக்கு கட்டினவங்க வழி சொல்லுங்க.

#2 சிக்மாகுறி

முதல்ல அந்தப் பழைய ஈக்வேஷன் எடிட்டர் விஷயம். அதை வச்சு இனிமே எதையும் எடிட் பண்ண முடியாது. பாதுகாப்பு ஓட்டை இருந்ததால 2018 ஜனவரி அப்டேட்ல மைக்ரோசாஃப்ட் அதை ஆபீஸ்ல இருந்தே எடுத்துட்டாங்க. ஆனா அதோட அடிப்படை, சமன்பாடு அடிக்கிற சாஃப்ட்வேரான மேத்டைப்தான், அதனால மேத்டைப்ல அந்த ஆப்ஜெக்ட் திறக்கும். வேர்டுக்குள்ள மேத்டைப் டேப்ல கன்வர்ட் ஈக்வேஷன்ஸ்னு ஒண்ணு இருக்கு, பழசு புதுசு ரெண்டையும் ஒரே அடியா மேத்டைப் ஆக்கிடும். வேர்டு 2007-ல இருந்து வர்ற புது வகை சமன்பாட்டை அப்படியே இன்டிசைனுக்கு இழுத்தா ஒழுங்கா வராது, அதனால இந்த மாத்தம் கட்டாயம்.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு குறுக்கு வழி கிடையாதுங்க, உக்காந்து திருப்பி அடிக்கணும். எத்தனை இருக்குன்னு எண்ணிட்டீங்களா?

#3 ஈயஎழுத்து

தம்பி, நான் ஈய எழுத்து கோத்த காலத்துல தொழில் கத்துக்கிட்டவன். குதிக்குதுன்னு பேராசிரியர் சொல்றது எதனாலன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

வரிக்குள்ள ஒரு பின்னம் வருதுன்னு வச்சுக்கோ, மேல 1 கீழ 2, அடுத்து சமக்குறி. கண்ணுக்கு எது சரியா இருக்கணும்? பின்னத்தோட நடுக்கோடும் சமக்குறியோட நடுவும் ஒரே மட்டத்துல இருக்கணும். மைனஸ் குறி நிக்கிற மட்டமும் அதுவேதான். அதைத்தான் கணித அச்சுன்னு சொல்றது, பேஸ்லைனுக்கு, அதாவது எழுத்தெல்லாம் உக்கார்ற கோட்டுக்கு, கொஞ்சம் மேல ஓடுற கண்ணுக்குத் தெரியாத கோடு. அப்போ கீழ இருக்கிற 2 பேஸ்லைனுக்கு அடியில இறங்கித்தான் ஆகணும். நீ அந்தப் பின்னத்தை படமா வைக்கிற. இன்டிசைனுக்கு அது வெறும் பெட்டி. பெட்டியோட அடியைத் தூக்கி பேஸ்லைன்ல வச்சிடுது. அதனால கோடு மேல ஏறிடுது, 1 போய் மேல் வரியை இடிக்குது. எக்ஸ் ஸ்கொயருக்கு கீழ எதுவும் தொங்காது, அதனால அது சரியா இருக்கும். கீழொட்டு இருக்கிற எக்ஸ் அரை மில்லிமீட்டர் ஏறி நிக்கும், பின்னம் ரெண்டு மில்லிமீட்டர் ஏறும், இன்டெக்ரல் அதுக்கும் மேல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு ஏறுறதுனாலதான் குதிக்கிற மாதிரி தெரியுது.

அதனால ஒரு சமன்பாட்டுக்கு அகலம், உயரம் மட்டும் பத்தாது, பேஸ்லைனுக்கு கீழ எவ்வளவு தொங்குதுங்கிற ஆழமும் வேணும். எந்த சாஃப்ட்வேர் எடுத்தாலும் முதல்ல கேக்க வேண்டியது, இந்த ஆழத்தை இது இன்டிசைனுக்கு சொல்லுதா இல்லையான்னுதான்.

#4 லூவாபிரியன்

ஐயா சொன்னதுதான் அடிப்படை. டெக் மொழியில ஒவ்வொரு பெட்டிக்கும் அகலம், உயரம், ஆழம்னு மூணு அளவு உள்ளேயே இருக்கு, அதனாலதான் அதுல இந்தப் பிரச்சனையே வராது. கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் நூத் 1977-ல தன் புத்தகத்தோட ரெண்டாவது தொகுதி ப்ரூஃப் பாத்து, புது ஃபோட்டோ டைப்செட்டிங்ல எழுத்து கெட்டுப் போயிருக்குன்னு மனசு ஒடிஞ்சு தானே ஒரு டைப்செட்டிங் சிஸ்டம் எழுத உக்காந்தாரு, அதுதான் டெக். ஈயத்துல வேலை பாத்தவங்க கையில இருந்த அறிவை எல்லாம் விதியா எழுதி வச்சிருக்காரு. உதாரணத்துக்கு இடைவெளி. ஒரு எம் அகலத்தை 18 பங்கா பிரிச்சு, சைன் காஸ் மாதிரி சார்புப் பெயருக்குப் பக்கத்துல 3 பங்கு, கூட்டல் கழித்தலுக்கு ரெண்டு பக்கமும் 4 பங்கு, சமக்குறிக்கு 5 பங்கு. சூப்பர்ஸ்கிரிப்ட்ல போனா அந்த 4-ம் 5-ம் தானா மறைஞ்சிடும். இதை இன்டிசைன்ல ஸ்பேஸ் பார் தட்டி செய்ய முடியுமா?

என் ஆலோசனை, 1400 சமன்பாடு இருக்கிற புக்கை முழுசா லூவாலேடெக்ல (டெக்கை வச்சு செஞ்சதுதான்) கட்டுங்க. தமிழுக்கு, எழுத்தைச் சேர்த்து வடிவம் குடுக்கிற ஹார்ஃபபஸ் ரெண்டரர் போட்டா கொம்பு, கால் எல்லாம் சரியா வருது. அப்புறம் ஒரு முக்கிய விஷயம், கணித மோடுக்குள்ள தமிழ் வார்த்தையை நேரா அடிக்காதீங்க. அங்க ஒவ்வொரு குறியும் தனித்தனி அணு, ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்தை விட்டு பிரிஞ்சு போயிடும். "தொடக்கம்" "இறுதி"ன்னு கீழொட்டு வேணும்னா டெக்ஸ்ட் கட்டளைக்குள்ள போடணும்.

#5 பக்கக்கட்டு

ஐயா, நடுக்கோடு விளக்கத்தை படிச்சிட்டு என் ப்ரூஃப எடுத்துப் பாத்தேன், ஒவ்வொரு பின்னமும் நீங்க சொன்ன மாதிரியே பெட்டியோட அடியில நிக்குது. இத்தனை நாள் கண்ணுல படவே இல்ல.

லூவாபிரியன் சார், லேடெக் எனக்கும் ஆசைதான், ஆனா இந்த புக்குல ஓரத்துல தனி குறிப்புப் பத்தி ஓடுது, கலர் பெட்டி இருக்கு, சில வரைபடம் ரெண்டு பக்கத்துக்கும் பரவி நிக்குது, பதிப்பாளர் கேக்கிறதும் இன்டிசைன் ஃபைல்தான். அடுத்த பதிப்புல அவங்க ஆளே திருத்தணுமாம். அவங்களுக்கு லேடெக் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எண்ணிட்டேன், 212.

இன்னொரு கூத்தும் நடந்துச்சு. ஒரு அத்தியாயம் மட்டும் யூனிகோடு இல்லாத பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்சது, அதை யூனிகோடுக்கு மாத்தினப்ப வரிக்குள்ள நேரா டைப் பண்ணியிருந்த எக்ஸ் எல்லாம் ஒ ஆகிடுச்சு, ஒய் எல்லாம் ல ஆகிடுச்சு. "ஒ-ன் மதிப்பு 3 எனில் ல-ன் மதிப்பு"ன்னு பக்கம் பக்கமா நிக்குது. இதை எப்படி பிடிக்கிறது?

#6 சிக்மாகுறி

பாமினி விஷயம் நானும் அனுபவிச்சிருக்கேன். அதுல எக்ஸ் கீயில ஒ, ஒய் கீயில ல, எஃப்ல க. கன்வர்ட்டருக்கு எது தமிழ் எது ஆங்கில எழுத்துன்னு தெரியாது, எல்லாத்தையும் மாத்திடும். மாத்துறதுக்கு முன்னாடியே வேர்டுல ஃபான்ட் வச்சு தேடுங்க, பாமினி இல்லாம வேற ஃபான்ட்ல இருக்கிற எழுத்துக்கு எல்லாம் ஒரு கேரக்டர் ஸ்டைல் குடுத்து கலர் அடிச்சிடுங்க, அந்தக் கலர் இருக்கிறதை விட்டுட்டு மீதியை மட்டும் மாத்துங்க. ஏற்கனவே மாத்தியாச்சுன்னா பழைய ஃபைல்ல இருந்து திரும்ப ஆரம்பிக்கிறதுதான் நல்லது. ஒ-வைத் தேடி எக்ஸ் ஆக்கினா "ஒரு", "ஒன்று" எல்லாம் சேர்ந்து போயிடும்.

இன்டிசைன்லதான் கட்டணும்னா நான் செய்யிற முறை இதுதான். கன்வர்ட் முடிச்சதும், சமன்பாடு போடுறதுக்கு முன்னாடி மேத்டைப்ல அளவு செட் பண்ணணும். அதுவா வர்றது முழு அளவு 12 பாயின்ட், சூப்பர்ஸ்கிரிப்ட் 58 சதவீதம், அதுக்கும் மேல ஏறினா 42 சதவீதம், சிக்மா இன்டெக்ரலுக்கு 150. உங்க பாடி 10.5 பாயின்ட்னா முழு அளவையும் அதுக்குத் தக்கபடி மாத்தி பிரிஃபரன்ஸ் ஃபைலா சேவ் பண்ணி, எல்லா சமன்பாட்டுக்கும் அதையே குடுங்க. பெரிசா இருக்கேன்னு இன்டிசைன்ல பெட்டியை 87 சதவீதம்னு சுருக்கவே கூடாது. சுருக்கினா கோட்டோட தடிமனும் மெலிஞ்சு போயி பின்னக் கோடு ஒண்ணு தடிப்பா ஒண்ணு மெல்லிசா நிக்கும்.

அப்புறம் எக்ஸ்போர்ட் ஈக்வேஷன்ஸ். எல்லாத்தையும் நம்பர் போட்ட இபிஎஸ் படஃபைலா வெளிய எடுத்துட்டு, வேர்டுல அந்தந்த இடத்துல ஃபைல் பேரை விட்டு வைக்கச் சொல்லலாம். அந்த வேர்டு ஃபைலை இன்டிசைன்ல போட்டு, ஒரு ஸ்கிரிப்ட் அந்தப் பேரைத் தேடி அதே இடத்துல படத்தை ஆங்கர் பண்ணும், அதாவது வரியோடயே நகர்ற மாதிரி கட்டிப் போடும். அந்த இபிஎஸ்ஸையே மேத்டைப்ல திறந்து திருத்தி அதே பேர்ல சேவ் பண்ணா இன்டிசைன் லிங்க் அப்டேட் ஆகிடும். ப்ரூஃப் கரெக்ஷன் நேரத்துல இதோட அருமை தெரியும்.

வரி இடைவெளிக்கு ஒரே வார்த்தை, ஆட்டோ லீடிங் வேண்டாம். ஆட்டோவுல இருந்தா உயரமான பெட்டி வந்த வரி மட்டும் தானா விரிஞ்சுக்கும். நிலையான லீடிங் குடுத்தா விரியாது, ஆனா உயரமான பின்னம் மேல் வரியை இடிக்கும். இடிக்கிறதை எல்லாம் சாய்கோடு பின்னமா மாத்துங்க, இல்ல தனி வரியில இறக்குங்க.

#7 லூவாபிரியன்

சரி, இன்டிசைன்தான்னா ஒரு நடுவழி சொல்றேன். சமன்பாட்டை மட்டும் லேடெக்ல செய்யுங்க, பக்கத்தை இன்டிசைன்ல கட்டுங்க. ஒவ்வொரு சமன்பாடும் ஒரு வரி டெக்ஸ்ட்டா ஒரே ஃபைல்ல, நம்பரோட. ஸ்டாண்டலோன் கிளாஸ் போட்டு ஓட்டினா ஒவ்வொண்ணும் அளவா வெட்டின தனி பிடிஎஃப் பக்கமா வரும். பிடிஎஃப்ல ஆழம் தொலைஞ்சு போயிடும், அதனால ஓட்டும்போதே ஒவ்வொரு பெட்டியோட ஆழத்தையும் தனியா ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுத வைக்கணும், மேக்ரோ நாலு வரிதான். இன்டிசைன் ஸ்கிரிப்ட் அந்த ஃபைலைப் படிச்சு, படத்தை ஆங்கர் பண்ணி, அந்த ஆங்கர் எழுத்துக்கு அவ்வளவு பேஸ்லைன் ஷிஃப்ட் கீழே குடுத்தா முடிஞ்சுது. கையால ஒண்ணைக் கூட இழுக்க வேண்டாம். எழுத்தைப் பத்து பாயின்ட்ல இருந்து பதினொண்ணுக்கு மாத்தணும்னாலும் ஒரு தடவை ஓட்டினா 1400-ம் மாறிடும்.

பதிப்பாளர் ஆளு லேடெக் கத்துக்க மாட்டாங்கன்னு சொல்றீங்க. 1974-லயே பெல் லேப்ஸ்ல பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் ஈக்யூஎன்னு ஒண்ணு எழுதினாங்க, கணிதம் தெரியாத டைப்பிஸ்ட்டும் வாயால படிக்கிற மாதிரியே அடிச்சா போதும்ங்கிறதுதான் அதோட நோக்கம். சமன்பாட்டுக்கு மட்டும் வேண்டிய லேடெக்கும் அந்த அளவுதான், இருபது முப்பது கட்டளைல 90 சதவீத கால்குலஸ் அடங்கிடும். மூணு நாள்ல பழகிடலாம்.

#8 தட்டுஅச்சு

பிரிப்ரஸ் (அச்சுக்கு முந்தின வேலை) பக்கத்துல இருந்து ரெண்டு எச்சரிக்கை. மேல யாரும் சொல்லல.

ஒண்ணு கறுப்பு. வேர்டுல இருந்து வர்ற பிடிஎஃப், எஸ்விஜி படம் எல்லாம் ஆர்ஜிபி கறுப்பு, அதாவது ஸ்கிரீனுக்கான கலர். அச்சுக்கான நாலு மை கலரா, சிஎம்ஒய்கேயா, ஆகும்போது நாலு தட்டுலயும் மை விழும். பாடி டெக்ஸ்ட் ஒரே கறுப்புத் தட்டுல இருக்கும், சமன்பாடு மட்டும் நாலு கலர்ல. தட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அந்த 5 பாயின்ட் சூப்பர்ஸ்கிரிப்ட் நிழல் விழுந்து படிக்கவே முடியாது. நான் அச்சான பாரத்துல பாத்திருக்கேன், 16 பக்கம் திரும்ப அடிக்க வேண்டியதா போச்சு. இன்டிசைன்ல செபரேஷன்ஸ் ப்ரிவ்யூ திறந்து கறுப்புத் தட்டை மட்டும் அணைச்சுப் பாருங்க. வெறும் கறுப்பா இருக்க வேண்டியதுல எது மிச்சம் நிக்குதோ அதெல்லாம் தப்பு.

ரெண்டு ஃபான்ட். இபிஎஸ் சேவ் பண்ணும்போது ஃபான்ட் உள்ள சேர்த்தாச்சான்னு பாருங்க. சிம்பல், எம்டி எக்ஸ்ட்ரா ரெண்டும் இல்லாத மெஷின்ல போனா இன்டெக்ரல் இருக்க வேண்டிய இடத்துல வேற ஏதோ எழுத்து வரும், கணிதம் தெரியாதவங்க கண்ணுக்கு அது தப்புன்னே தெரியாது. அதான் பயம்.

#9 புதுவரவு

நான் தொழிலுக்கு புதுசு, தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. 2024 அக்டோபர்ல வந்த இன்டிசைன் 2025-ல மேத் எக்ஸ்பிரஷன்ஸ்னு பேனல் வந்திருக்கே, சமன்பாட்டை டேக் போட்டு எழுதுற மேத்எம்எல் குடுத்தா அதுவே சமன்பாடு போடுது. அதை வச்சு செய்யலாமா?

#10 சிக்மாகுறி

நல்ல கேள்விதான், மன்னிப்பெல்லாம் எதுக்கு. செய்யலாம், இத்தனை வருஷம் பிளக்-இன் இல்லாம சமன்பாடே போட முடியாதுன்னு இருந்த இடத்துல இது பெரிய விஷயம். உள்ள எஸ்விஜியாத்தான் மாத்தி வைக்குது, அதனால தட்டுஅச்சு சொன்ன கறுப்பு சோதனையை இதுக்கும் செய்யணும். மேத்எம்எல்லை கையால அடிக்க முடியாது, ஒரு சின்ன பின்னத்துக்கே ஏழெட்டு டேக் ஆகும், அதனால மேத்டைப்ல இல்ல லேடெக்ல அடிச்சு அங்க இருந்து மேத்எம்எல்லா எடுத்துத்தான் ஒட்டணும். நூறு சமன்பாடுக்கு சரி. 1400-ஐ ஒவ்வொண்ணா பேனல்ல ஒட்டுறதை நினைச்சா எனக்கு தைரியம் வரல.

ஆனா மேத்எம்எல் பிரதி ஒண்ணு கையில இருக்கணும்ங்கிறதை நான் ரொம்ப வலியுறுத்துவேன். இதே புக்கு நாளைக்கு இ-புக்கா போனா ஈபப் 3-ல அதுதான் முறை, குரோம் பிரவுசரும் 2023-ல இருந்து அதைக் காட்டுது. பார்வையில்லாத மாணவர் ஒருத்தர் ஸ்கிரீன் ரீடர்ல படிக்கிறப்ப படத்தை அது வாசிக்காது, மேத்எம்எல் இருந்தா வாசிக்க வழி இருக்கு.

#11 பக்கக்கட்டு

ரெண்டு நாளா சோதனை பண்ணேன். ஒரே பத்து பக்கத்தை மேத்டைப் இபிஎஸ் வழியிலயும் லூவாபிரியன் சார் சொன்ன பிடிஎஃப் வழியிலயும் கட்டிப் பாத்தேன். முதல் வழி சீக்கிரம் ஆச்சு, ஆனா ஆழத்தை நானேதான் சரி பண்ண வேண்டி வந்துச்சு. ரெண்டாவதுல ஸ்கிரிப்ட் எழுத ஒரு நாள் போச்சு, அதுக்கப்புறம் பத்து பக்கமும் அரை மணி நேரம். குதிக்கவே இல்ல. மேத்டைப்ல இருக்கிறதை லேடெக்கா மாத்தி காப்பி எடுக்க முடியுதுங்கிறதால 1200-ஐ திரும்ப அடிக்க வேண்டியதில்ல, 212 ஸ்கிரீன்ஷாட்டை மட்டும்தான் அடிக்கணும். ரெண்டாவது வழியிலேயே போறேன். பாமினி அத்தியாயத்தை பழைய ஃபைல்ல இருந்து மறுபடி ஆரம்பிச்சிட்டேன்.

ஒண்ணு மட்டும் உறுத்துது. பாடி டெக்ஸ்ட்ல வர்ற எண்கள் தமிழ் ஃபான்ட்டோட எண், சமன்பாட்டுக்குள்ள வேற எண். "எக்ஸ் = 2 எனில் 2-ஐ இரு பக்கமும்"னு ஒரே வரியில ரெண்டு விதமான 2 நிக்குது, ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி.

#12 லூவாபிரியன்

பாராகிராஃப் ஸ்டைலுக்குள்ளயே எண்களை மட்டும் பிடிக்கிற கிரெப் ஸ்டைல் ஒண்ணு போட்டு, அதுக்கு சமன்பாட்டுல இருக்கிற அதே ஃபான்ட்டைக் குடுங்க. தமிழ் எழுத்து பக்கத்துல சின்னதா தெரிஞ்சா அரை பாயின்ட் கூட்டலாம், ஆனா அப்படிக் கூட்டினா சமன்பாட்டையும் அதே அளவுக்கு ஓட்டணும். பாராகிராஃப் கம்போசர் வேர்ல்ட்-ரெடியில இருக்கான்னும் பாத்துக்கோங்க, இல்லன்னா தமிழ் எழுத்தே உடையும்.

#13 ஈயஎழுத்து

நல்லா போகுது தம்பி. பேராசிரியருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நீயே ஒரு தடவை இதுக்குன்னே உக்காந்து பாரு, வாசகத்தைப் படிக்காதே, குறியை மட்டும் பாரு.

மைனஸ் எல்லாம் மைனஸ்தானா, இல்ல சின்ன ஹைஃபனா? அகலத்தைப் பாத்தாலே தெரியும், மைனஸ் கூட்டல்குறி அகலம் இருக்கும். பெருக்கல் × போட்டிருக்கா, இல்ல ஆங்கில எக்ஸையே போட்டுட்டாங்களா? கால்குலஸ்ல இது கழுத்தறுப்பு, எக்ஸ் பெருக்கல் எக்ஸ்னு மூணும் ஒரே மாதிரி நிக்கும். வகைக்கெழுவுக்கு போடுற மேல்கோடு பிரைம் குறியா, மேற்கோள் குறியா? மாறி எல்லாம் சாய்வா, சைன் காஸ் லாக் நிமிர்ந்தா? சாய்வா லாக் போட்டா எல், ஓ, ஜி மூணையும் பெருக்கச் சொல்ற மாதிரி அர்த்தம்.

வரி உடைக்கிறதுக்கும் முறை இருக்கு. தனி வரியில நிக்கிற நீள சமன்பாட்டை உடைச்சா கூட்டல்குறியோ சமக்குறியோ அடுத்த வரியோட தலையில வரணும். ஓடுற வரிக்குள்ள உடைஞ்சா குறி முதல் வரியோட கடைசியிலேயே நின்னுடணும். படமா வைக்கும்போது வரிக்குள்ள இருக்கிறது உடையாது, அதனால நீளமானதை சமக்குறிக்கு அப்புறம் வெட்டி ரெண்டு படமா வச்சுடு.

அந்தக் காலத்துல கணிதம் வந்தா பெனல்டி காப்பின்னு சொல்லி கூலி கூட கேப்போம், ஒரு இன்டெக்ரலுக்கு மேல கீழ எல்லை வைக்க மெல்லிசு ஈயத் துண்டா சொருகிச் சொருகி கை நடுங்கும். அவ்வளவு பாடு பட்டதால ஒரு குறி தப்பா போனா மனசு கேக்காது. உங்க கையில இப்ப ஸ்கிரிப்ட் இருக்கு, கண்ணு மட்டும் அதேதான்.

#14 தட்டுஅச்சு

டி பத்தி ஒண்ணு. டிஎக்ஸ்ல (dx) வர்ற டி நிமிர்ந்து இருக்கணுமா சாயணுமா? ஐஎஸ்ஓ 80000-2 நிமிர்த்தச் சொல்லுது, நிறைய கணித புத்தகம் சாய்வாவே போடுது. ரெண்டும் தப்பில்ல, ஒரே புக்குல ரெண்டும் கலந்தாதான் தப்பு. பேராசிரியர்கிட்ட இப்பவே கேட்டு வாங்கிடுங்க, கடைசி ப்ரூஃப்ல சொல்ல விடாதீங்க.

#15 பக்கக்கட்டு

கேட்டேன், சாய்வுன்னு சொல்லிட்டாரு. டி-க்கு ஒரு தனி மேக்ரோ வச்சுட்டேன், மனசு மாறினாலும் ஒரு வரிதான்.

ஈயஎழுத்து ஐயா, நீங்க சொன்ன மாதிரி குறியை மட்டும் பாத்ததுல முதல் ரெண்டு அத்தியாயத்துலயே 61 ஹைஃபன் மைனஸா நின்னுச்சு, எல்லாமே வேர்டுல நேரா டைப் பண்ணின இடம். பெருக்கலுக்கு எக்ஸ் போட்டது 9. செபரேஷன்ஸ் ப்ரிவ்யூல கறுப்பை அணைச்சப்ப மூணாம் அத்தியாயத்துல ஒரு வரைபடத்தோட அச்சு எழுத்து மட்டும் மிச்சம் நின்னுச்சு, அதையும் மாத்தியாச்சு.

ரெண்டாம் அத்தியாயம் நேத்து ப்ரூஃப் போய் இன்னைக்கு திரும்பி வந்துச்சு. 38 பக்கத்துல நாலு குறிப்பு. மூணு வாசகத் திருத்தம். நாலாவது, ஒரு தொடர் கூட்டல்ல சிக்மாவுக்கு எல்லை பக்கத்துல போயிருந்துச்சு, வரிக்குள்ள இருந்ததால டெக் அப்படி வச்சிருக்கு, அதை தனி வரியில இறக்கிட்டேன். ஸ்கிரிப்ட்டை கொஞ்சம் சுத்தம் பண்ணி நாளைக்கு இங்கேயே போடுறேன், ஆழத்தை எழுதுற மேக்ரோவும் சேர்த்து.